கடிகார முள்ளும் முழங்கையும்

கேள்வி: கலப்புத் தற்காப்புக் கலைப் (எம்.எம்.ஏ.) போட்டிகளில் வீரர்கள் முழங்கையால் அடிப்பதை நடுவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அமெரிக்க வீரர் ஜான் ஜோன்ஸ் முழங்கையால் அடித்ததற்காகவே ஒருமுறை தகுதிநீக்கம் செய்யப்பட்டாராமே? எந்த அடி சரி, எந்த அடி தவறு?
– வாசகர், ஈரோடு

பதில்: ஜோன்ஸ் தகுதிநீக்கம் செய்யப்பட்டது உண்மைதான். 2009 டிசம்பர் 5 அன்று லாஸ் வேகஸில், எதிராளி மேட் ஹாமிலைக் கீழே தள்ளி அவர்மேல் அமர்ந்திருந்த ஜோன்ஸ், முழங்கையின் கூர்முனையை மேலிருந்து நேர்கீழாக அவர் முகத்தில் இறக்கினார். நடுவர் ஸ்டீவ் மசகாட்டி ஆட்டத்தை நிறுத்தினார். ஹாமிலால் தொடர முடியாததால் வெற்றி அவருக்கே வழங்கப்பட்டது. ஜோன்ஸின் கணக்கில் உள்ள ஒரே தோல்வி அதுதான்.

அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டையொட்டி உருவான பொது விதித்தொகுப்பு, முழங்கை முனையால் நேர்கீழாகக் குத்துவதைத் தடைசெய்திருந்தது. கடிகாரத்தின் முள் 12-இலிருந்து நேராக 6-க்கு இறங்குவதுபோல் இருப்பதால் அதற்குப் ‘பன்னிரண்டு–ஆறு’ என்று பெயர். கராத்தே வீரர்கள் முழங்கையால் பனிக்கட்டிப் பாளங்களை உடைப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்த அதிகாரிகள் அஞ்சிப்போய் இத்தடையைக் கேட்டார்கள் என்று, விதிகளை வகுத்தவர்களுள் ஒருவரான நடுவர் ஜான் மெக்கார்த்தி சொல்லியிருக்கிறார்.

குழப்பம் இங்கேதான் தொடங்கியது. அதே முழங்கை சற்றே வளைந்து, 11-இலிருந்து 5-க்கு வந்தால் குற்றமில்லை. புருவத்தைக் கிழித்து ரத்தம் கொட்டவைப்பதில் அந்த வளைந்த அடி எவ்விதத்திலும் சாதுவானதன்று. அடித்தவர் மல்லாந்து படுத்திருந்தால் ‘கீழ்நோக்கி’ என்பதைத் தரையை வைத்து அளப்பதா, அவருடைய உடலை வைத்து அளப்பதா என்ற வாதமும் எழுந்தது. அடியின் ஆபத்தை விட்டுவிட்டு அதன் கோணத்தைத் தடைசெய்த விதி இது. இமைக்கும் நேரத்தில் கோணம் அளக்கும்படி நடுவரிடம் சொல்வது நியாயமே இல்லை என்பது என் கருத்து.

கேள்வி: அந்தத் தடை இன்னும் நடைமுறையில் இருக்கிறதா?
– அதே வாசகர்

பதில்: வட அமெரிக்காவில் இப்போட்டிகளையும் மேற்பார்வையிடும் குத்துச்சண்டை ஆணையங்களின் கூட்டமைப்பு 2024 ஜூலையில் அதை நீக்க வாக்களித்தது, மாற்றம் நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எனினும், அதை ஏற்பதா என்பதை அந்தந்த மாநில ஆணையமே முடிவுசெய்யும் என்பதால், போட்டி நடக்கும் இடத்தின் விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

தடை நீங்கியதால் முழங்கையை எங்கு வேண்டுமானாலும் இறக்கலாம் என்று பொருளில்லை. முதுகெலும்பிலும் பின்னந்தலையிலும் அடிப்பது இன்றும் குற்றமே. உச்சந்தலையிலிருந்து பிடரி நோக்கி இறங்கும் நடுக்கோட்டின் இருபுறமும் ஓர் அங்குலம் பின்னந்தலையாகக் கொள்ளப்படுகிறது. அதற்குக் கீழே கழுத்தின் பின்புறம் முழுவதுமே விலக்கப்பட்ட இடம். காலைப் பிடிக்கக் குனிந்து பாய்பவரின் தலைமேல் நேர்கீழாக இறங்கும் முழங்கை, அவர் தலையை லேசாகத் திருப்பினாலே அந்த ஓர் அங்குலத்துக்குள் போய்விடும். ஆகவே நடுவர் இனி அளக்க வேண்டியது அடி வந்த கோணத்தையன்று, அது விழுந்த இடத்தை.