பரிவர்த்தனை மின்னஞ்சலுக்கு அனுமதி பெறுவது: கேள்வி பதில்

பரிவர்த்தனை மின்னஞ்சல் என்றால் ரசீது, ஓடிபி போல, பெறுபவர் செய்த ஒன்றுக்குப் பதிலாகப் போகும் மின்னஞ்சல். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, மின்னஞ்சல் அனுப்பித் தரும் அமேசான் எஸ்இஎஸ் பற்றியவை. ஆகவே கீழே வரும் வரம்புகளும் எண்களும் அந்தச் சேவைக்கு உரியவை.

கேள்வி: என் முகவரிக்கே அனுப்பினால் மின்னஞ்சல் வந்து சேர்கிறது. வாடிக்கையாளருக்கு அனுப்பினால் "முகவரி சரிபார்க்கப்படவில்லை" என்று பிழை வருகிறது. நிரலில் கோளாறா?

பதில்: நிரலைத் தொடாதீர்கள். புதிய கணக்குகள் சாண்ட்பாக்ஸ் என்னும் சோதனை நிலையில்தான் தொடங்கும். அதற்குள் இருக்கும்வரை, நீங்கள் சரிபார்த்து வைத்த முகவரிகளுக்கும் டொமைன்களுக்கும்தான் அனுப்ப முடியும். அதுவும் 24 மணி நேரத்தில் 200 மின்னஞ்சல், நொடிக்கு ஒன்று. வெளியே வர, புரொடக்‌ஷன் அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி ரீஜன் (அமேசான் சர்வர்கள் இருக்கும் பகுதி) வாரியாகத் தரப்படுகிறது. ஒரு ரீஜனில் வாங்கிவிட்டு நிரலில் வேறொன்றைக் குறித்திருந்தால் இதே பிழை மறுபடியும் வரும்.

கேள்வி: "எங்கள் வாடிக்கையாளர்களுக்குப் பரிவர்த்தனை மின்னஞ்சல் அனுப்ப வேண்டும்" என்று எழுதினேன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இதில் என்ன தவறு?

பதில்: ஸ்பேம் அனுப்புபவனும் இதே வரியைத்தான் எழுதுவான். விண்ணப்பத்தைப் படிக்கும் அமேசான் ஊழியருக்கு உங்களைத் தெரியாது. இந்த முகவரிகள் உங்களிடம் எப்படி வந்தன, எந்தச் செயலுக்குப் பிறகு மின்னஞ்சல் கிளம்புகிறது, முகவரி இல்லையென்று திரும்பி வந்தால் (இதுதான் பவுன்ஸ்) உங்கள் மென்பொருள் என்ன செய்யும் என்று அவர் பார்க்கிறார். ஓர் இணைய நூலகம் என்றால் இப்படி எழுதலாம்:

"உறுப்பினர் எங்கள் தளத்தில் தாமே பதிவு செய்கிறார். உறுதிப்படுத்தும் இணைப்பை அழுத்திய பிறகே கணக்கு செயல்படும். அதன்பின் கடவுச்சொல் மாற்றம், நூல் முன்பதிவு, திருப்பித் தரவேண்டிய தேதி ஆகிய மூன்றுக்கு மட்டும் மின்னஞ்சல் போகும். நாளொன்றுக்கு 300 வரை எதிர்பார்க்கிறோம். பவுன்ஸ், புகார் அறிவிப்புகள் எஸ்என்எஸ் என்னும் அமேசானின் அறிவிப்புச் சேவை வழியாக எங்கள் சர்வருக்கு வரும். அந்த முகவரிக்கு அனுப்புவது உடனே நிறுத்தப்படும். வெளியிலிருந்து பட்டியல் எதையும் வாங்கவில்லை. மாதிரி மின்னஞ்சல் கீழே."

விண்ணப்பத்தில் கொடுக்கும் இணையதளமும் திறக்க வேண்டும். "விரைவில் வருகிறோம்" என்ற ஒற்றைப் பக்கத்தை நம்பி யார் அனுமதி தருவார்? பதிவுப் படிவமும் தனியுரிமைக் கொள்கையும் கண்ணில் படட்டும்.

எழுதியதை உங்கள் மென்பொருளில் செய்தும் வையுங்கள். பவுன்ஸ் 5 சதவீதத்தை எட்டினால் கணக்கு மறுஆய்வுக்குப் போகும். 10 சதவீதத்தில் அனுப்புவதையே நிறுத்திவைக்கக்கூடும். புகாருக்கு (பெறுபவர் ஸ்பேம் என்று குறிப்பது) அதே எல்லைகள் 0.1, 0.5 சதவீதம்.

கேள்வி: அந்த மாதிரிப் பத்தியை அப்படியே ஒட்டலாமா?

பதில்: நீங்கள் நூலகமா நடத்துகிறீர்கள்?

கேள்வி: மின்னஞ்சல் எங்கள் டொமைனுடையதுதான் என்று காட்டும் டிகிம் கையொப்பத்துக்காக மூன்று சிநேம் பதிவுகளை (ஒரு பெயரை இன்னொன்றுக்குச் சுட்டும் டிஎன்எஸ் வரிகள்) சேர்த்துவிட்டேன். இன்னும் "நிலுவையில்" என்றே காட்டுகிறது.

பதில்: பெயர்ப் பெட்டியைப் பாருங்கள். டொமைனின் பதிவுகளை வைக்கும் பல டிஎன்எஸ் பக்கங்கள் டொமைன் பெயரைத் தாமே பின்னால் சேர்த்துக்கொள்ளும். நீங்களும் முழுப் பெயரை ஒட்டியிருந்தால் டொமைன் இரண்டு முறை வந்திருக்கும். டொமைனின் பெயரில் எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவையும் பார்த்துவிடுங்கள். ஒரே டொமைனுக்கு இரண்டு இருந்தால் இரண்டுமே பயனற்றுப் போகும்; ஒன்றாக இணைக்க வேண்டும். இலவச மின்னஞ்சல் முகவரியை அனுப்புநராக வைக்காதீர்கள். அந்த டொமைனின் பெயரில் நீங்கள் டிகிம் கையொப்பமிட முடியாது, அனுப்புநர் டொமைன் உண்மைதானா என்று பார்க்கும் டிமார்க் சோதனையில் தோற்பீர்கள்.

கேள்வி: ரசீதின் அடியில் தள்ளுபடிக் கூப்பன் வைக்கிறோம். பண்டிகை வாழ்த்தும் அனுப்புவோம். எல்லாம் பரிவர்த்தனைதானே?

பதில்: ரசீது பரிவர்த்தனை. கூப்பன் ரசீதை அமுக்காதவரை பொறுத்துக்கொள்ளலாம். வாழ்த்து விளம்பரம்.

அவரே மறுபடியும்: வாழ்த்தில் எதையும் விற்கவில்லையே!

பதில்: பெறுபவர் ஏதாவது செய்ததால் கிளம்பியதா, நீங்கள் நாட்காட்டியைப் பார்த்ததால் கிளம்பியதா?

இன்னொருவர்: அப்படியானால் கூடையில் விட்டுச்சென்ற பொருளை நினைவூட்டுவதும் பரிவர்த்தனைதான். வாடிக்கையாளர் செய்த செயலால்தானே கிளம்புகிறது?

பதில்: நன்றாக மடக்கினீர்கள், ஆனால் விட மாட்டேன். வாங்காமல் போனவரை வாங்க வைக்கப் போகும் மின்னஞ்சல் அது. வராவிட்டால் யாராவது தேடுவார்களா? ஓடிபி ஒரு நிமிடம் தாமதித்தால் ஸ்பேம் பெட்டி வரை போய்த் தேடுகிறார்கள். கூடை நினைவூட்டலை அப்படித் தேடிய ஒருவரைக் காட்டுங்கள்.

மூன்றாமவர்: அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டு கேன்-ஸ்பேம் சட்டம் பரிவர்த்தனையும் விளம்பரமும் கலந்த மின்னஞ்சலை ஏற்கிறதே?

பதில்: ஏற்கிறது. ஆனால் தலைப்பு வரி விளம்பரம்போல் தோன்றினாலோ, பரிவர்த்தனைப் பகுதி தொடக்கத்திலேயே வராவிட்டாலோ விளம்பரமாகவே கொள்ளும். சட்டம் தப்பவிட்டாலும் ஜிமெயில் விடாது. 2024 பிப்ரவரி முதல், நாளுக்கு 5,000க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புபவர்களின் விளம்பர மின்னஞ்சலில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தை எட்டக்கூடாது என்று விதி வைத்திருக்கிறது. வாழ்த்தால் எரிச்சலடைந்தவர்கள் ஸ்பேம் பொத்தானை அழுத்தினால், அதே டொமைனிலிருந்து போகும் ஓடிபியும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். விளம்பரத்தைத் தனித் துணை டொமைனிலிருந்து அனுப்புங்கள். விண்ணப்பத்திலும் இரண்டையும் அனுப்பப்போவதாகவே சொல்லுங்கள். இந்த வாதத்தை இத்துடன் முடிக்கிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: விண்ணப்பித்து ஒரு நாள் ஆகிறது. எப்போது அனுமதி வரும்?

பதில்: 24 மணி நேரத்துக்குள் முதல் பதில் தருவதாகச் சொல்கிறார்கள். முதல் பதில் கேள்வியாகவும் இருக்கலாம். சப்போர்ட் கேஸை (விண்ணப்பத்துக்கான உதவிக் கோரிக்கைப் பக்கம்) திறந்து பாருங்கள், அநேகமாக உங்கள் பதிலுக்குத்தான் அது காத்திருக்கும்.

கேள்வி: நேற்று விண்ணப்பித்தேன், இன்னும்...

பதில்: மேலே.

கேள்வி: நிராகரித்துவிட்டார்கள். வேறு பெயரில் புதுக் கணக்கு தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். தடையைச் சுற்றிப் போகிறவர் என்ற சந்தேகம்தான் மிஞ்சும். அதே கேஸில் கூடுதல் விவரத்துடன் பதில் எழுதுங்கள். பவுன்ஸை எப்படிக் கையாள்வீர்கள் என்று எழுதினீர்களா?

கேள்வி: எஸ்எம்டிபி (மின்னஞ்சல் அனுப்பும் நெறிமுறை) இணைப்பில் 535 என்ற உள்நுழைவுப் பிழை. சாவி சரியாகத்தான் இருக்கிறது.

பதில்: ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட் சேவை) ரகசியச் சாவி வேறு, எஸ்எம்டிபி கடவுச்சொல் வேறு. எஸ்இஎஸ் பக்கத்தில் எஸ்எம்டிபிக்கென்று தனியாக உருவாக்குங்கள். அதுவும் ரீஜனுக்கு ரீஜன் மாறும்.

கேள்வி: 25ஆம் போர்ட்டில் இணைப்பு தொங்குகிறது.

பதில்: 587ஆம் போர்ட்டுக்கு மாறுங்கள்.

கேள்வி: சொந்தமாகவே ஒரு மின்னஞ்சல் சர்வர் நிறுவிவிட்டால் அனுமதியே தேவையில்லையே?

பதில்: சர்வர் நிர்வாகம் தெரிந்தவரிடம் கேளுங்கள். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

கேள்வி: அனுமதி வந்துவிட்டது! பழைய தரவுத்தளத்தில் இருக்கும் எல்லோருக்கும் ஓர் அறிமுக மின்னஞ்சல் அனுப்பிச் சோதிக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். பழைய முகவரிகளில் பல செத்திருக்கும், முதல் நாளே பவுன்ஸ் 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். சோதிக்கத்தான் மெயில்பாக்ஸ் சிமுலேட்டர் இருக்கிறது. பவுன்ஸ், புகார் இரண்டுக்கும் தனித்தனி முகவரி உண்டு. அவற்றுக்கு அனுப்புவது உங்கள் விகிதக் கணக்கில் சேராது. இரண்டுக்கும் ஒன்று அனுப்பி, உங்கள் சர்வருக்கு அறிவிப்பு வந்து சேருகிறதா என்று பாருங்கள். பழைய உறுப்பினர் அடுத்த முறை உள்நுழையும்போது அவருக்குரிய மின்னஞ்சல் தானாகப் போகும்.