கிருமி எந்த ரகம் என்று பார்க்க வேண்டுமா?

கேள்வி: என் வயது 41. எண்டோஸ்கோபியில் எச். பைலோரி கிருமி இருப்பதாகச் சொன்னார்கள். அண்ணனுக்கும் அதே கிருமி உண்டு, ஆனால் அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அப்பா இரைப்பைப் புற்றுநோயால் இறந்தவர். இதில் ஆபத்தான ரகம் உண்டாமே, மரபணுப் பரிசோதனை செய்து பார்க்கலாமா?

பதில்: ரகம் உண்டு, உண்மைதான். ஆனால் அதைத் தெரிந்துகொள்வதால் உங்கள் சிகிச்சையில் எதுவும் மாறாது.

'காக்-ஏ' மரபணு உள்ள கிருமி, ஊசி போன்ற ஓர் அமைப்பால் தன் புரதத்தை இரைப்பைச் செல்லுக்குள் செலுத்தும். அங்கே அது எஸ்எச்பி-2 என்ற நொதியைப் பற்றிக்கொண்டு செல்லின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டைக் குலைக்கிறது. கிழக்கு ஆசியாவில் பரவியுள்ள வடிவம் இன்னும் இறுகப் பற்றும். 'வாக்-ஏ' மரபணு எல்லா எச். பைலோரியிலும் உண்டு, அதில் எஸ்1-எம்1 வகை நச்சு கடுமையானது, எஸ்2-எம்2 ஏறக்குறைய சாது.

இருந்தும், காக்-ஏ உள்ளவர்களிலேயே பெரும்பாலானோருக்குப் புற்று வருவதில்லை. அழற்சி எங்கே பிடிக்கிறது என்பதும் முக்கியம். இரைப்பையின் கீழ்ப்பகுதியோடு நின்றால் அமிலம் கூடி முன்சிறுகுடலில் புண் வரும். மேலேறி இரைப்பையின் நடுப்பகுதிக்குப் பரவினால் அமிலச் சுரப்பிகள் தேய்ந்து, புற்றுக்கு வழி திறக்கும். உங்கள் உடலின் மரபணுக்கள், புகை, அதிக உப்பு எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. காக்-ஏ இல்லை என்று முடிவு வந்தாலும், அப்பாவுக்கு இருந்த நோயை வைத்தே நான் மருந்து எழுதுவேன்.

கிருமியின் மரபணுவில் பார்க்கத் தகுந்தது வேறொன்று: புரதம் தயாரிக்க அதற்கு உதவும் 23எஸ் ஆர்ஆர்என்ஏ என்ற பகுதியில் ஓரெழுத்து மாறியிருக்கிறதா என்பது. மாறியிருந்தால் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஒட்ட இடமில்லாமல் போய் மருந்து தோற்கும். எண்டோஸ்கோபியில் கிள்ளியெடுக்கும் பயாப்சித் துணுக்கிலேயே பார்க்கலாம். வசதி இல்லையென்றால் கிளாரித்ரோமைசினை விட்டுவிட்டு நான்கு மருந்துத் திட்டமே நல்லது: அமிலம் குறைக்கும் மாத்திரை (காலை, இரவு, சாப்பாட்டுக்கு அரை மணி முன்), பிஸ்மத், டெட்ராசைக்ளின் 500 மி.கி. தினம் நான்கு வேளை, மெட்ரோனிடசோல். மொத்தம் 14 நாள். பிஸ்மத்தால் மலம் கறுக்கும். மயக்கமோ படபடப்போ சேராதவரை பயம் வேண்டாம். மெட்ரோனிடசோலோடு மது கூடாது. ஐந்தாம் நாள் வாய் கசக்கிறதென்று நிறுத்துபவர்கள்தான் மருந்துக்கு மசியாத கிருமியை வளர்த்துக்கொள்கிறார்கள்.

முடித்து 4 வாரம் கழித்து யூரியா மூச்சுப் பரிசோதனை அல்லது மல ஆன்டிஜென் பரிசோதனை செய்யுங்கள். அதற்கு 2 வாரம் முன்பே அமில மாத்திரையை நிறுத்திவிடுங்கள். இல்லையேல் கிருமி இருந்தும் இல்லையென்று காட்டும். இரத்த ஆன்டிபாடி சோதனை வேண்டாம், கிருமி போன பின்பும் பாசிட்டிவாகவே நிற்கும்.

பயாப்சி அறிக்கையில் 'அட்ரோபி' (சுரப்பிகள் தேய்வது), 'இன்டெஸ்டினல் மெட்டாபிளாசியா' (இரைப்பையின் உட்சுவர் குடலின் உட்சுவர் போல மாறுவது) என்ற சொற்கள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கிருமி ஒழிந்த பிறகும் எண்டோஸ்கோபிக் கண்காணிப்பு தேவைப்படலாம். அண்ணனும் மருந்து எடுக்கட்டும். அவருக்கும் அதே அப்பாதான். தொந்தரவு இல்லாத இரைப்பையிலும் அழற்சி இருக்கும்.