பாடசாலைக்கு ஸ்மார்ட் போர்ட் கிடைத்திருக்கிறது. அதை வகுப்பில் உருப்படியாகப் பயன்படுத்துவது எப்படி?

நீங்கள் புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியர் என்று நினைக்கிறேன். போர்ட்டும் அநேகமாகக் கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற பழைய மாணவர்கள் வாங்கித் தந்ததாக இருக்கும். யாழ்ப்பாணத்தில் அப்படித்தான். நாடா வெட்டி, மாலை போட்டு, படம் எடுத்து அனுப்பியாயிற்று. இனி அதை வைத்து என்ன செய்வது என்பது உங்கள் தலையில் விழுந்திருக்கிறது.

நான் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். எங்களிடமும் ஒரு போர்ட் இருக்கிறது. அதில் பெரும்பாலும் நடப்பது, ஆசிரியர் நோட்ஸைப் பெரிதாகக் காட்ட, பிள்ளைகள் பார்த்து எழுதுவதுதான். அதற்கு வெண்கட்டியே போதும். ஆகவே முதலில், போர்ட்டே இல்லாமல் வேலை செய்த ஒன்றைச் சொல்கிறேன்.

பரிவுக் குழாய்ச் செய்முறை: குழாய்க்குள் ஒலி சட்டென்று பெருகும் இடங்களைக் கண்டு, அதிலிருந்து ஒலியின் கதியைக் கணிப்பது. எங்கள் ஆய்வுகூடத்தில், தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் இசைக்கவைகளின் பெட்டி பாதி வெறுமை. இருப்பவற்றிலும் மீடிறன் (செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பது) எழுத்து அழிந்துவிட்டது. எழுதிக் கேட்டால் வரும் என்பார்கள், வராது. அதனால் ஃபைபாக்ஸ் என்ற செயலியை என் ஃபோனில் இறக்கினேன். ஜெர்மனியில் ஆகன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் செய்தது, இலவசம். கேட்ட மீடிறனில் ஒலி தரும். 512 ஹெர்ட்ஸ் வைத்தோம். தண்ணீர் நிரப்பிய ஆழமான பிளாஸ்ரிக் பரல் ஒன்று, இரண்டு பக்கமும் திறந்த பி.வி.சி. குழாய், ஒரு மீற்றர் கோல். குழாயைத் தண்ணீரில் அமிழ்த்தி, அதன் வாயில் ஃபோனைப் பிடித்தபடி மெல்ல உயர்த்தினால், ஓர் இடத்தில் சத்தம் சட்டென்று பெருகும். இன்னும் உயர்த்தினால் இரண்டாவது இடம்.

ஆனால் குழாயைத் தண்ணீரில் விடமுன்னரே, அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் எத்தனை சென்ரிமீற்றர் வரும் என்று ஒவ்வொருவரும் கணித்துக் கொப்பியில் பேனையால் எழுதவேண்டும் என்று சொல்லிவிட்டேன். ரியூசனில் மனப்பாடம் பண்ணிய ஒலியின் கதி செக்கனுக்கு 340 மீற்றர். அந்த இடைவெளி அலைநீளத்தில் பாதி என்பதால், கதியை மீடிறனால் வகுத்துப் பாதியாக்கி எல்லாரும் 33.2 என்று எழுதினார்கள். அளந்தால் 34 ஐத் தாண்டுகிறது. "சேர், பிழைக்குது" என்றான் ஒருவன். இன்னொரு குழு சத்தமில்லாமல் அளவை 33.2 என்று திருத்தத் தொடங்கியது. (எங்கள் செய்முறைக் கொப்பிகளின் சரித்திரமே இதுதான்.) திரும்ப அளக்கச் சொன்னேன். 34.1. கணக்குப் போட்டால் கதி 349.

பிறகுதான் ஒருத்தி சுவரிலிருந்த வெப்பமானியைப் போய்ப் பார்த்தாள். 30 பாகை. வெப்பநிலை ஒரு பாகை கூடினால், ஒலியின் கதி ஏறத்தாழ 0.6 மீற்றர் கூடும். பூச்சியம் பாகையில் 331, எங்கள் மத்தியானத்தில் 349. அந்த 340 என்பது 15 பாகைக் குளிருக்கான எண். அன்றைக்கு நடந்த விவாதத்தை நான் எந்த ஸ்லைடாலும் கிளப்பியிருக்க முடியாது. இத்தனைக்கும் ஃபோன் செய்தது ஒலி எழுப்பியது மட்டும்தான். பிள்ளைகள் முன்கூட்டியே ஒரு விடையில் மாட்டிக்கொண்டதுதான் மிச்சத்தைச் செய்தது.

"பிள்ளைகளின் கையில் ஃபோன் கொடுக்கச் சொல்கிறார்" என்று வரப்போகிறவர்களுக்கு: அது என்னுடைய ஃபோன், பாடம் முடிய என் சட்டைப்பைக்குத் திரும்பிவிட்டது. பாடத்திட்டம் முடியாது என்பவர்களுக்கு: இரண்டு பாடவேளை போனது உண்மை, ஆனால் அந்த அலகை நான் திரும்பப் படிப்பிக்கவில்லை. எல்லாமே ஒன்லைனில் நடக்கும் என்று சொல்கிற ஆளும் நான் இல்லை. 2020 இல் பாடசாலைகள் மூடியபோது தீவுப்பகுதியில் வீட்டுக்கு ஒரு ஃபோன், அதுவும் அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். அறிக்கையில் மட்டும் கற்றல் தொடர்ந்தது.

அறிக்கை என்றதும் ஞாபகம் வருகிறது. ஆசிரியர் வாழ்க்கைக்குள் தொழில்நுட்பம் உண்மையாகப் புகுந்தது வைபர் குழு வழியாகத்தான். இரவு பத்து மணிக்கு ஒரு படிவம், "உடன் அனுப்பவும்". போன கிழமை கொடுத்த அதே விபரம், நிரல்கள் மட்டும் இடம் மாறியிருக்கும். நல்லூர்த் தேரன்று வெளிவீதியில் நின்றுகொண்டு வரவு வீதம் கணக்குப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். பாடத்துக்கு ஆயத்தம் செய்யும் நேரத்தை இது தின்கிறது, இதைப் பற்றி ஒருவரும் கருத்தரங்கு வைப்பதில்லை. சரி, விடுவோம்.

உங்கள் போர்ட்டுக்கு வருகிறேன். ஃபெட் என்று, கணினித் திரையிலேயே செய்து பார்க்கும் பரிசோதனைகளின் தொகுப்பு ஒன்று இருக்கிறது. பௌதிகத்துக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், 2002 இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதில் மின்சுற்றுப் பகுதியை எடுங்கள். எரிகிற ஒரு குமிழுக்குச் சமாந்தரமாக இன்னொன்றைச் சேர்த்தால் முதலாவது மங்குமா என்று கேட்டு, கையை உயர்த்தச் சொல்லுங்கள். பாதிப்பேர் மங்கும் என்பார்கள். அவர்களில் ஒருவரையே கூப்பிட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள், மங்காது. அப்புறம் கலத்தின் அகத்தடையை, அதாவது கலத்துக்குள்ளேயே இருக்கும் தடையை, கூட்டச் சொல்லுங்கள், இப்போது மங்கும். ஏன் என்று அவர்களே சண்டை பிடிக்கட்டும், நீங்கள் உடனே விடை சொல்லாதீர்கள். ஒன்று, வீட்டிலேயே தரவிறக்கிப் பென் டிரைவில் கொண்டு போங்கள். பாடசாலை வைஃபையை நம்பி நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கவேண்டாம்.