உரிமம் வழங்கும் மேசை (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

எழுத்தை முழுநேரமாக எடுத்துக்கொள்வதற்கு முன், பிரிட்டனில் சூதாட்ட ஒழுங்குமுறை அலுவலகம் ஒன்றில் உரிமப் பகுப்பாய்வாளராக ஒன்பது ஆண்டுகள் பணியாற்றியதாக அண்மைக் கட்டுரையொன்றில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரிதான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

நான் மிட்லண்ட்ஸ் பகுதி நகரம் ஒன்றில் வளர்ந்த யாழ்ப்பாணத் தமிழ்ப் பெண். கணக்கியல் படித்துவிட்டு இரண்டு ஆண்டுகளாக வங்கியொன்றில் வாடிக்கையாளர் சரிபார்ப்புப் பிரிவில் இருக்கிறேன். இப்போது பர்மிங்காமில் உள்ள சூதாட்ட ஆணையத்தில் உரிமப் பகுப்பாய்வாளர் வேலை கிடைத்திருக்கிறது. என் அப்பா தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துச் சம்பாதித்ததில் பெரும்பகுதியை எங்கள் தெருவிலிருந்த பந்தயக் கடைகளின் ரூலெட் இயந்திரங்களில் தொலைத்தவர். வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோது அம்மா, "உன்ர அப்பாவை அழிச்ச ஆக்களுக்கு நீ முத்திரை குத்திக் குடுக்கப் போறியோ?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

எங்கள் தெருவில் அரை மைல் தூரத்துக்குள் ஐந்து பந்தயக் கடைகள் இருந்தன. அவற்றுக்கு யார், எதைப் பார்த்து அனுமதி கொடுத்தார்கள்? அந்த மேசையில் அமர்பவர் மனச்சாட்சியோடு செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அம்மாவின் கேள்வி கேட்கப்பட வேண்டிய கேள்வி. நான் இந்த வேலையில் சேர்ந்தபோது என்னிடம் யாரும் அதைக் கேட்கவில்லை; கேட்டிருந்தால் முதல் ஆண்டில் நான் பட்ட குழப்பம் பாதியாகக் குறைந்திருக்கும்.

பிரிட்டனில் ஒரு பந்தயக் கடை திறக்க ஒரே உரிமம் போதாது. நடத்தும் நிறுவனத்துக்கு ஆணையத்தின் இயக்க உரிமமும், முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களுக்குத் தனிநபர் உரிமமும், கடை அமையும் கட்டடத்துக்கு உள்ளூர் மன்றத்தின் (கவுன்சிலின்) வளாக உரிமமும் வேண்டும். உங்கள் தெருவின் கதை மூன்றாவது உரிமத்தில் இருக்கிறது. 2007 செப்டம்பர் வரை அந்த அதிகாரம் மாஜிஸ்திரேட்டுகளிடம் இருந்தது. இந்தப் பகுதிக்கு இன்னொரு கடை தேவைதானா என்று கேட்கவும், தேவையில்லை என்று கண்டால் மறுக்கவும் அவர்களால் முடிந்தது. 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, அதிகாரம் மன்றங்களுக்குப் போனதோடு அந்தத் தேவைச் சோதனையும் நீக்கப்பட்டது. உரிம நோக்கங்களுக்கு (குற்றத்தைத் தடுப்பது, ஆட்டம் நேர்மையாக நடப்பது, சிறுவரையும் எளிதில் பாதிக்கப்படுவோரையும் காப்பது) இசைவாக இருக்கும்வரை அனுமதிப்பதையே குறிக்கோளாகக் கொள்ள வேண்டும் என்று சட்டம் மன்றங்களுக்குக் கட்டளையிட்டது. எனவே ஐந்தாவது கடையின் விண்ணப்பத்தைப் படித்த அலுவலர், ஏற்கெனவே நான்கு இருக்கின்றனவே என்ற ஒரே காரணத்தைக் காட்டி அதைத் திருப்பி அனுப்பியிருக்க முடியாது.

அதே சட்டம் ஒரு கடையில் நான்கு இயந்திரங்களுக்கு மேல் வைக்கக் கூடாது என்றும் வரையறுத்தது. கட்டுப்பாடாக எழுதப்பட்ட இந்த விதியே கடைகள் பெருகுவதற்கும் ஒரு காரணமாயிற்று. எட்டு இயந்திரங்கள் வேண்டிய நிறுவனம் ஒரே தெருவில் இரண்டு கடைகளைத் திறந்தது. உங்கள் அப்பா விளையாடிய காலத்தில் அந்த ரூலெட் இயந்திரத்தில் 20 வினாடிக்கு ஒருமுறை 100 பவுண்டு வரை வைக்கலாம்; 2019 ஏப்ரல் 1ஆம் தேதிதான் அந்த உச்சவரம்பு 2 பவுண்டாகக் குறைக்கப்பட்டது. இந்த ஏற்பாட்டை நான் நியாயப்படுத்தவில்லை. தேவைச் சோதனையை நீக்கியது தவறு என்பதும், 100 பவுண்டு என்ற வரம்பை அத்தனை ஆண்டுகள் விட்டுவைத்தது அதைவிடப் பெரிய தவறு என்பதும் என் உறுதியான கருத்து. ஆனால் அந்தத் தவறுகள் நாடாளுமன்றத்திலும் அமைச்சகத்திலும் நேர்ந்தவை. உங்கள் அப்பாவைக் காப்பாற்றக்கூடிய கையெழுத்து நீங்கள் அமரப்போகும் மேசையில் இருந்ததில்லை, இனியும் இருக்காது என்பதை அம்மாவிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அப்படியானால் அந்த மேசை எதற்கு? 1960ஆம் ஆண்டுச் சட்டம் பந்தயக் கடைகளை அனுமதித்தது. 1961 மே முதல் அவை திறக்கப்பட்டன. அதே சட்டம் தனியார் கிளப்புகளில் சீட்டாட்டத்துக்கும் சிறிது இடம் கொடுத்தது, ஆனால் நடத்துபவர் யார் என்று விசாரிக்க ஓர் அமைப்பை உருவாக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் அந்த இடைவெளி வழியாகக் கேசினோக்கள் நாடெங்கும் முளைத்தன. லண்டனில் நைட்ஸ்பிரிட்ஜ் பகுதியின் சூதாட்ட விடுதி ஒன்றை, நகரின் பேர்போன குற்றக் கும்பலை நடத்திய கிரே சகோதரர்கள் கைக்கொண்டார்கள். பெர்க்லி சதுக்கத்தின் கேசினோ ஒன்றுக்கு ஹாலிவுட் நடிகர் ஜார்ஜ் ராஃப்ட் முகமாக நிறுத்தப்பட்டார், 1967இல் அவர் பிரிட்டனுக்குள் நுழையவே தடை விதிக்கப்பட்டது. வாசலில் நிற்பவர் ஒருவர், பணம் வேறொருவருடையது. தமிழில் இதற்குப் பினாமி என்ற ஒற்றைச் சொல் இருக்கிறது. ஆங்கிலேய நண்பர்களுக்கு இதை விளக்க எனக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு வாக்கியங்கள் தேவைப்பட்டன. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இன்றைய ஆணையத்தின் முன்னோடியான சூதாட்ட வாரியம் அமைக்கப்பட்டது இந்தப் பினாமிகளை விலக்கத்தான். உங்கள் வேலையின் வேர் அங்கே இருக்கிறது.

இன்று ஒரு விண்ணப்பம் வந்தால், உரிமையாளர் யார், நிதி எங்கிருந்து வருகிறது, நேர்மை எப்படி, திறமை உண்டா, குற்றப் பின்னணி இருக்கிறதா என்ற கேள்விகளோடு அதை அணுகுவீர்கள். இயக்க உரிமத்துக்கு ஏறத்தாழ 16 வாரம் ஆகும் என்று விண்ணப்பதாரருக்குச் சொல்லப்படும். அந்தக் காலத்தின் பெரும்பகுதி ஒரே வேலையில் கரையும்: பணத்தின் வழியைப் பின்னோக்கி நடந்து போவது. இந்தப் பங்குகளை வாங்கிய பணம் ஒரு கடனிலிருந்து வந்தது. கடன் கொடுத்த நிறுவனம் வேறொரு தீவில் பதிவானது. அந்த நிறுவனத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? ஆவணங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்து மனம் சமாதானம் அடையும் இடத்தில்தான் நின்று இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்.

ஒரு கோப்பை, அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். ஜமைக்காவிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர் ஒருவர் சிறிய பந்தய நிறுவனம் தொடங்க விண்ணப்பித்திருந்தார். அவருடைய வங்கிக் கணக்கில் மாதந்தோறும் இருபது பேரிடமிருந்து ஒரே அளவான சிறு தொகைகள் வந்து, மறுநாளே மொத்தமாக வேறு யாருக்கோ போயின. ஒரு மாதம் மட்டும் முழுத்தொகையும் அவரிடமே தங்கியது. கறுப்புப் பணத்தைத் துண்டு துண்டாக்கி உள்ளே விடும் முறை இது என்று என் சக அலுவலர் ஐயப்பட்டார், அவர் பயின்ற பாடத்தின்படி அது சரியான ஐயமே. எனக்கோ பார்த்த மாத்திரத்தில் புரிந்தது: இது சீட்டு. என் அம்மா பிடித்த அதே சீட்டு. கரீபியன் மக்கள் அதைப் பார்ட்னர் என்பார்கள். ஆனாலும் எனக்குப் புரிந்தது என்பது ஆதாரம் ஆகாது. சீட்டில் சேர்ந்தவர்களின் பட்டியல், பணம் எடுத்த முறை எழுதப்பட்ட நோட்டுப் புத்தகம், சிலரின் கடிதங்கள் என எல்லாவற்றையும் கேட்டுப் பெற்று, ஒவ்வொரு தொகையையும் கணக்கோடு பொருத்திப் பார்த்த பிறகே அந்தப் பணத்தை ஏற்றுக்கொண்டோம். வேறொரு கோப்பில், எல்லாப் பங்குகளையும் தன் பெயரில் வைத்திருந்த ஒருவரிடம் வணிகத்தைப் பற்றி மூன்று எளிய கேள்விகள் கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை, விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. மனச்சாட்சிக்கு வேலை உண்டா என்று கேட்டீர்கள். ஐயப்பட வேண்டிய இடத்தையும் நம்ப வேண்டிய இடத்தையும் பிரித்தறிய உழைப்பதே அதன் முதல் வேலை.

விண்ணப்பதாரருக்கும் நீங்கள் கடன்பட்டவர். 1970இல், லண்டனின் புகழ்பெற்ற கிராக்ஃபோர்ட்ஸ் சூதாட்டக் கிளப்பை நடத்திய இருவர், வாரியம் தங்களுக்கு ஒப்புதல் மறுத்ததை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். தகவல் தந்தவர் யார் என்று வாரியம் வெளியிட வேண்டியதில்லை, ஆனால் எதைப் பற்றி ஐயம் இருக்கிறது என்பதைச் சொல்லி அதற்குப் பதிலளிக்க வாய்ப்புத் தரவேண்டும் என்றார் நீதிபதி டென்னிங் பிரபு. அந்த இருவரும் வழக்கில் தோற்றார்கள், கோட்பாடு நிலைத்தது. மறுக்கும் எண்ணம் இருக்கிறது என்று காரணங்களோடு முன்கூட்டியே எழுதி அனுப்பும் வழக்கம் இந்த நியாயத்தில் நிற்கிறது. சூதாட்டத்தை வெறுக்கும் ஒருவருக்கு, உங்களைப் போன்ற காயம் உள்ள ஒருவருக்கு, இந்த நியாயத்தைக் கடைப்பிடிப்பதுதான் மிகக் கடினமாக இருக்கும்.

இனி நான் மிகவும் சொல்ல விரும்பும் விஷயம். ஆளையும் பணத்தையும் சரிபார்ப்பதில் நாம் எவ்வளவு தேர்ந்தாலும், விற்கப்படும் பொருள் என்ன என்று கேட்க மறந்தால் எல்லாம் வீண். பெட்இண்டெக்ஸ் என்ற நிறுவனம் 2015 செப்டம்பரில் உரிமம் பெற்று, ஃபுட்பால் இண்டெக்ஸ் என்ற தளத்தை நடத்தியது. கால்பந்து வீரர்களின் 'பங்குகளை' அதில் வாங்கலாம், விற்கலாம். வீரர் நன்றாக ஆடினால் 'ஈவுத்தொகை' வரும். சட்டத்தின் கண்ணில் அந்தப் பங்கு மூன்று ஆண்டுக்கு நீளும் ஒரு பந்தயம் மட்டுமே. வாங்கியவர்களில் பலரோ அதை முதலீடு என்று நம்பிச் சேமிப்பைப் போட்டார்கள். இது, புதிதாகச் சேர்பவர்களின் பணத்தில் பழையவர்களுக்குக் கொடுக்கும் ஆபத்தான பிரமிடுத் திட்டம் என்ற எச்சரிக்கை 2020 ஜனவரியிலேயே ஆணையத்துக்கு வந்தது. 2021 மார்ச் 11ஆம் தேதி உரிமம் இடைநிறுத்தப்பட்டது, நிறுவனம் வீழ்ந்தது. சிக்கிய பணம் ஏறத்தாழ 9 கோடி பவுண்டு என்று அப்போது செய்தித்தாள்கள் எழுதின.

அரசு நியமித்த வழக்கறிஞர் மால்கம் ஷீஹனின் அறிக்கை அதே ஆண்டு செப்டம்பரில் வெளியானது. விண்ணப்பத்திலேயே நிறுவனம் தன் பொருளின் இயல்பைச் சரியாகத் தெரிவிக்கவில்லை, பின்னர் செய்த மாற்றங்களையும் அறிவிக்கவில்லை என்று அது கண்டது. 2019 முதல் ஆணையம் இன்னும் நன்றாகச் செயல்பட்டிருக்கலாம் என்றும் சொன்னது. அந்த அறிக்கையைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. அந்தக் கோப்பு என் கைக்கு வந்ததல்ல; வந்திருந்தால் நானும் பந்தயம் என்று எழுதியிருந்த கட்டத்தைப் பார்த்து, உரிமையாளர் பெயரைச் சரிபார்த்து, அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன் என்றே அஞ்சுகிறேன். அதன்பின் புதுவகைப் பொருள்களைத் தனி அபாயமாகக் கருதும் முறை வந்தது, நிதித்துறைச் சொற்களைச் சூதாட்டத்துக்குப் பயன்படுத்துவதும் கேள்விக்கு உள்ளானது. இருந்தாலும், நிறுவனம் திவாலானால் வாடிக்கையாளர் பணத்தைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்று உரிம விதி இன்றும் கட்டாயப்படுத்துவதில்லை. பாதுகாப்பு எந்த அளவு என்று அறிவித்தால் போதும். அந்த அறிவிப்பைப் படிக்காத மனிதருக்காக நீங்கள் படிக்க வேண்டும். கணக்கைத் திறந்து பணம் போட்டு வெளியேறுவதுவரை ஒரு வாடிக்கையாளராக மனத்தில் நடந்து பாருங்கள். புரியாத இடம் வந்தால், எளிய சொற்களில் விளக்குமாறு நிறுவனத்துக்கு எழுதுங்கள். அந்த வேலையை இயந்திரங்களின் முன் இரவுகளைக் கழித்த ஒருவரின் மகள் பிறரைவிட நன்றாகச் செய்வார் என்று நம்புகிறேன்.

நீங்கள் வேலையில் சேர வேண்டும் என்பதே என் கருத்து. சேரும் நாளிலேயே அப்பாவைப் பற்றி மேலாளரிடம் சொல்லிவிடுங்கள். அந்த ஐந்து கடைகளை நடத்திய நிறுவனங்களின் கோப்பு வந்தால் வேறொருவருக்குத் தருமாறு எழுத்தில் கேளுங்கள். ஷீஹனின் அறிக்கையை வேலையில் சேர்வதற்கு முன் படித்துவிடுங்கள். அம்மாவுக்கு என் வணக்கத்தைத் தெரிவியுங்கள்; அவர் விரும்பினால் நானே தொலைபேசியில் பேசுகிறேன்.

அன்புடன்.