மில் வேலைக்குப் போகும் குடும்பத்தில் பொழுது எப்படிப் போகும்?

அப்பா மில்லில், வீடு மலையில் என்றால் அன்றாடம் எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். கோத்தகிரியில் எங்கள் வீடே அப்படித்தான்.

அப்பாவுக்கு மலையடிவாரத்தில் இருக்கும் மேட்டுப்பாளையம் நூற்பாலையில் ரிங் ஃபிரேம், அதாவது நூல் நூற்கும் இயந்திரம், பார்க்கும் வேலை. பஞ்சு காய்ந்தால் நூல் அடிக்கடி அறுந்துபோகும் என்பதால் உள்ளே எந்நேரமும் தண்ணீரைப் புகையாகத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள், அந்தப் புழுக்கத்தில் 8 மணி நேரம் நடந்து நடந்து அறுந்ததை ஒட்ட வேண்டும். இரைச்சலில் எல்லாம் கைஜாடைதான், அந்த இரைச்சல் பழகிப்போய் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார்! வாராவாரம் ஷிப்ட் மாறும். என்னைக் கேட்டால் சம்பளத்தைவிடத் தூக்கம்தான் பெரிய பிரச்சினை.

அம்மா தேயிலை பறிக்கப் போவார்.

லீவுக்கு மேலே வந்தால் அப்பா மதியம் வரை கம்பளிக்குள். அப்புறம் சந்தை, கேரம், மே மாதமானால் நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி. கேத்தரின் அருவியெல்லாம் சொந்தக்காரர் வந்தால்தான்.