கேரட்டைப் பிளக்கும் கத்தி: சில கேள்விகள், சில பதில்கள்

குன்னூரில் ஒரு தங்கும் விடுதியின் சமையலறையைப் பார்த்துக்கொள்கிறேன். அக்கம்பக்கத்து வீடுகளின் கத்திகளையும் தீட்டித் தருவேன். வீட்டுச் சமையலுக்கான கத்தி பற்றி வந்த கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில். கேட்டவர்களின் பெயருக்குப் பதில் அவர்கள் ஊரைப் போட்டிருக்கிறேன்.

கேத்தி: புதுக்குடித்தனம், அண்ணா. மரக்கட்டையில் செருகிய ஆறு கத்தி செட் வாங்கலாமா?

வேண்டாம். அதில் நாலு கத்தி கட்டையிலேயே கிடக்கும். 6 முதல் 8 அங்குலத்துக்குள் அலகு உள்ள பெரிய கத்தி ஒன்று, மூன்று அங்குலத்துச் சின்னக் கத்தி ஒன்று போதும். முழு பிரெட் வாங்கி அறுக்கிற வீடென்றால் பல் வைத்த கத்தி ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கடையில் கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். சின்னக் கையென்றால் 6 அங்குலமே நல்லது. வாங்கிய பிறகு கழுவியதும் துடைத்து வையுங்கள். இதை இன்னும் பல தடவை சொல்வேன்.

கோத்தகிரி: கத்தி தக்காளியை அழகாக நறுக்குகிறது. கேரட் மட்டும் பாதி வெட்டும்போதே டக்கென்று பிளந்து எகிறுகிறது. கூர் போதவில்லையா?

இதைத்தான் எதிர்பார்த்தேன். நம் ஊர் கேரட் ஒரு கத்தியின் யோக்கியதையைச் சொல்லிவிடும். உங்கள் கத்தியில் கூர் இருக்கிறது, கூருக்கு மேலே சதை அதிகம். வாய் உள்ளே இறங்கியதும் தடித்த உடம்பு பின்னாலேயே நுழைந்து, ஆப்பு வைத்த விறகு மாதிரி கேரட்டைப் பிளக்கிறது. தக்காளி மெத்தென்று விலகிக்கொடுக்கும், அதனால் அதில் தெரியாது. பீட்ரூட், நூல்கோல், டர்னிப் எல்லாவற்றிலும் இதே கதைதான்.

கடையில் கத்தியை நுனிப் பக்கமிருந்து நேராகப் பாருங்கள். முதுகிலிருந்து வாய் வரை சீராக மெலிந்து வர வேண்டும். கடைசி வரை தடியாக வந்து, ஓரத்தில் மட்டும் சட்டென்று சரிவு வைத்திருந்தால் அது கேரட்டைப் பிளக்கும். முதுகு 2 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் வீட்டுக்குத் தாராளம்.

ஜெர்மன் பாணிக் கத்திகளின் வாயை வழக்கமாக ஒவ்வொரு பக்கமும் 20 டிகிரி சாய்வில் தீட்டுவார்கள், ஜப்பானியக் கத்திகளை 15 அளவில். எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் முன்னது 55 முதல் 58, பின்னது 60க்கு மேல் போகும். கடினமான எஃகு கூரை நீண்ட நாள் தாங்கும். ஆனால் எலும்பிலோ உறைந்த கறியிலோ பட்டால் வாய் சில்லுச் சில்லாக உதிரும். ஒரே கத்தியை வீட்டில் எல்லோரும் எடுப்பதென்றால் ஜெர்மன் பாணியே உத்தமம்.

ஊட்டி: கார்பன் ஸ்டீலா, ஸ்டெயின்லெஸ்ஸா?

நம் மலைக்கு ஸ்டெயின்லெஸ். கூடலூரில் ஆனி ஆடி மழை, குன்னூரில் ஐப்பசி கார்த்திகை மழை. நடுவில் மூடுபனி. துவைத்த துணியே காயாத இடத்தில் கார்பன் கத்தியை ஈரத்தோடு விட்டால் காலையில் செம்பழுப்புப் புள்ளிகள் நிற்கும். கார்பன் ஸ்டீலைத் தீட்டுவது சுலபம், சுகமாக வெட்டும், மறுக்கவில்லை. ஆனால் வாழைக்காயையும் வாழைப்பூவையும் கருக்கவைக்கும். வெட்டிய கையோடு துடைக்க வேண்டும், சில நாள் வைத்துவிட்டு எடுப்பதென்றால் எண்ணெயும் தடவ வேண்டும். இங்கே தேங்காய் எண்ணெய் உறைந்துதான் கிடக்கும், பரவாயில்லை, விரல் சூட்டிலேயே இளகிவிடும்.

ஸ்டெயின்லெஸ் என்றால் துருவே பிடிக்காது என்றும் நினைக்காதீர்கள். அதைக் காப்பது குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம். உப்பும் புளியும் ஒட்டிய கத்தியை இரவெல்லாம் தொட்டியில் போட்டால் அதிலும் புள்ளி விழும். துடையுங்கள்.

அருவங்காடு: சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா?

அரிவாளும் கறி வெட்டும் தடிக்கத்தியும் தாராளமாகக் கொடுக்கலாம். மெல்லிய கத்தியென்றால் பக்கத்திலேயே நின்று அடிக்கடி தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள். வாயோரம் நீலம் பாய்ந்தால் சூடு ஏறி எஃகின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. வீட்டில் 1000 நம்பர் சாணைக்கல் (நம்பர் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும்) ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நனைத்து, ஒரே சாய்வில், மறுபக்கம் விரலுக்கு மெல்லிய பிசிறு தட்டுப்படும் வரை தேயுங்கள். பிறகு அந்தப் பக்கம் தேயுங்கள். கடைசியில் இரு பக்கமும் லேசாக மாற்றி மாற்றித் தேய்த்துப் பிசிறை எடுத்துவிடுங்கள்.

மஞ்சூர்: தம்பி, நாற்பது வருடமாக எனக்கு அரிவாள்மணைதான். டிகிரி, நம்பர் எல்லாம் எதற்கு?

அம்மா, உங்களோடு சண்டைக்கு வரவில்லை. மணையில் கால் பலகையை அழுத்திக்கொள்கிறது, இரண்டு கையும் காயைப் பிடிக்கிறது. வளைந்த அலகில் காய் வழுக்கிக்கொண்டே போவதால் சுமாரான கூரிலும் அறுபடும். தேங்காய் துருவ நுனியிலேயே வசதி. கீரைக்கும் மீனுக்கும் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் தை மாதத்தில் இந்த ஊர்த் தரையில் உட்கார முழங்கால் சம்மதிக்க வேண்டுமே.

வெலிங்டன்: மழுப்பாதீர்கள் அண்ணா. வேகம் என்றால் கத்திதான். பீன்ஸைப் பத்துப் பத்தாக அடுக்கி ஒரே வெட்டு!

பீன்ஸில் உங்கள் பக்கம்.

மஞ்சூர்: அவர் அடுக்கி முடிப்பதற்குள் நான் பொரியலையே இறக்கிவிடுவேன்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை.

கூடலூர்: மத்தி மீனைக் கத்தியில் சுத்தம் செய்து பார்த்துவிட்டு வெலிங்டன்காரர் பேசட்டும். நான் மணையைச் சமையல் மேடை மேலேயே வைத்து நின்றுகொண்டு வெட்டுகிறேன். முழங்கால் பிரச்சினையே இல்லை.

ஐயோ, அதைச் செய்யாதீர்கள். காலோ தொடையோ அழுத்தாத மணை நகரும், சாயும். நிமிர்ந்து நிற்கும் அலகின் மேல் நீங்கள் குனிந்து நிற்கிறீர்கள். நிற்பதென்றால் கத்தியும் பலகையும், மணையென்றால் தரை. வேலை முடிந்ததும் மடக்கி வையுங்கள். மடங்காத மணையென்றால் அலகு சுவரைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள், குழந்தை இருக்கும் வீட்டில் கட்டாயம். மணைப் பஞ்சாயத்து இத்தோடு முடிந்தது. வெலிங்டனிலிருந்து இன்னும் மூன்று கேள்வி வந்திருக்கிறது, மூன்றும் பீன்ஸ்தான். விட்டுவிடுகிறேன்.

குன்னூர், ஊட்டி, கோத்தகிரி, மறுபடியும் ஊட்டி: எந்த பிராண்ட் நல்லது?

கோத்தகிரிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். மெல்லிய உடம்பு, கைக்கு அடங்கும் பிடி, துடைக்கிற பழக்கம். பெயர் நாலாவது.

ஊட்டி: வீட்டில் சாக்லேட் செய்து விற்கிறோம். கட்டியை வெட்டக் கத்தியை அடுப்பில் காட்டலாமா?

கூடாது. சாணைச் சக்கரம் செய்கிற அதே கெடுதலைத் தீயும் செய்யும். வெந்நீரில் முக்குங்கள், சொட்டு ஈரம் இல்லாமல் துடையுங்கள், வெட்டுங்கள். உருகிய சாக்லேட்டில் தண்ணீர் பட்டால் திரிந்து கட்டிதட்டும் என்பது எனக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கோத்தகிரி: ஆட்டெலும்பு வெட்ட?

கறிக்கடைக்காரரையே வெட்டித்தரச் சொல்லுங்கள்.

குந்தா: கண்ணாடிப் பலகை சுத்தமாக இருக்குமே?

பலகை சுத்தமாக இருக்கும், கத்தி ஒரு வாரத்தில் மொட்டையாகும். மரப்பலகை வாங்குங்கள். அதையும் கழுவி நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கள், மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும்.

ஊட்டி: மிக்ஸி பிளேடு மழுங்கிவிட்டது.

மிக்ஸி பழுது பார்க்கும் கடை.

கேத்தி: என் பெண்ணுக்கு இடதுகைப் பழக்கம். தனிக் கத்தி வேண்டுமா?

இரண்டு பக்கமும் சமமாகத் தீட்டிய கத்திக்கு இடம் வலம் கிடையாது. ஒரு பக்கம் மட்டும் சரிவு வைத்த ஜப்பானியக் கத்திகளை வலதுகைக்காரர்களை மனதில் வைத்தே பெரும்பாலும் செய்கிறார்கள், அதைத் தவிர்த்துவிடுங்கள். பல் வைத்த பிரெட் கத்திகளிலும் பலவற்றுக்குப் பல் ஒரு பக்கம்தான், இடதுகையில் துண்டு கோணலாகப் போகும். அது பெண்ணின் தப்பில்லை, திட்டாதீர்கள்.