கண்ணைக் கசக்குவதை வாட்ச் கண்டுபிடிக்குமா?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. எப்போதும் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிறான். ஒரே வருடத்தில் கண்ணாடி பவர் இரண்டு முறை மாறிவிட்டது. கண்ணைக் கசக்கினால் கண்டுபிடித்து எச்சரிக்கும் ஸ்மார்ட்வாட்ச் பற்றிப் படித்தேன். வாங்கித் தரலாமா?

பதில்: வாட்ச் இருக்கட்டும் அம்மா. பவர் இரண்டு முறை மாறியதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. சிலிண்டர் பவர், அதாவது கண்ணின் வளைவு ஒரே சீராக இல்லாததைச் சரிசெய்யும் பவர், கூடியிருந்தால் தள்ளிப்போடாமல் கண்ணின் முன்பக்க வளைவைப் படமாகக் காட்டும் கார்னியல் டோபோகிராபி ஸ்கேன் எடுத்துவிடுங்கள். வலிக்காது, சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல இருக்கும் கருவிழியின் நடுப்பகுதி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம்தான். அதை விரல் முட்டியால் தினமும் அழுத்தித் தேய்த்தால் மெலிந்து, கூம்பு மாதிரி முன்னால் புடைக்கலாம். கெரட்டோகோனஸ் என்ற இந்த நோய் பெரும்பாலும் பதின்ம வயதில்தான் தொடங்குகிறது. கசக்காவிட்டால் இது வரவே வராது என்கிறார் பாரிஸ் கண் மருத்துவர் டாமியன் கட்டினெல். எல்லா மருத்துவர்களும் அதை அப்படியே ஏற்பதில்லை. பரம்பரைக்கும் பங்கு உண்டு. ஆனால் கசக்கக் கசக்க நோய் முற்றும் என்பதால், நிறுத்தச் சொல்வதில் யாருக்கும் மறுப்பில்லை.

சரி, வாட்சுக்கு வருவோம். மணிக்கட்டு எவ்வளவு வேகமாக அசைகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அதிலுள்ள சென்சார்கள் பதிவு செய்யும். கண்ணைக் கசக்குவது, கன்னத்தைச் சொறிவது, கண்ணாடியைச் சரிசெய்வது, தலை வாருவது என்று பலர் செய்துகாட்டிய அசைவுகளைக் கொடுத்து, எது கசக்கல் என்று ஆராய்ச்சியாளர்கள் செயற்கை நுண்ணறிவைப் பழக்குகிறார்கள். 2020-இல் ஆப்பிள் வாட்சில் கை கழுவுவதைக் கண்டறியும் வசதி வந்ததே, ஏறக்குறைய அந்த வழிதான். ஆனால் வாட்ச் கட்டாத கையால் கசக்கினால் அதற்குத் தெரியாது. இரவில் கழற்றி சார்ஜ் போட்டுவிட்டால் தூக்கத்தில் கசக்குவதும் தப்பிவிடும்.

இருந்தாலும் இந்த ஆராய்ச்சி வளர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். எவ்வளவு கசக்குகிறாய் என்று கேட்டால் பிள்ளைகள் "எப்பவாவதுதான் டாக்டர்" என்பார்கள். பொய்யில்லை, அவர்களுக்கே தெரியாது. சரியான எண்ணிக்கை கையில் இருந்தால், கொடுத்த மருந்து வேலை செய்கிறதா என்பதும் எனக்குத் தெரிந்துவிடும்.

வாட்ச் எச்சரிக்கும், அரிப்பை நிறுத்தாது. பெரும்பாலும் அலர்ஜிதான் காரணம். கசக்கும்போது அரிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள் இன்னும் அதிகமாக வெளிப்பட்டு அரிப்பு கூடுகிறது, அப்புறம் மறுபடியும் கசக்கத் தோன்றும். பையனைத் திட்டாதீர்கள். குளிர்ந்த ஈரத்துணியை மூடிய கண்மேல் வைத்தால் உடனே கொஞ்சம் அடங்கும். ஓலோபடடின் போன்ற அலர்ஜி சொட்டு மருந்தை டாக்டர் பார்த்து எழுதித் தரட்டும். மருந்துக் கடையில் நீங்களாக ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கிப் போடவே கூடாது. கண் அழுத்தம் ஏறும், கண்புரையும் வரலாம்.

ஸ்கேனில் கெரட்டோகோனஸ் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். ரிபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) சொட்டு விட்டு, புற ஊதா ஒளி பாய்ச்சி, கருவிழியை உறுதியாக்கும் கிராஸ்லிங்கிங் சிகிச்சையால் பெரும்பாலானவர்களுக்கு நோய் மேலும் முற்றாமல் தடுத்துவிடலாம். போகும்போது பழைய கண்ணாடிச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். பவர் எவ்வளவு வேகமாக மாறியிருக்கிறது என்று அவற்றை வைத்துத்தான் டாக்டர் கணிப்பார்.